சிவிலைசேஷன் 6: முதல் டிரேடரிலிருந்து வணிக வழிகள்

சிவிலைசேஷன் 6 என்ற கணினி உத்தி ஆட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் வணிக வழிகளைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கையாள்கிறார்கள். டிரேடர் (வழியில் ஓடும் வணிகர்) தயாரானதும் ஒரு பட்டியல் திறக்கிறது. எந்த ஊருக்கு எதிரே தங்கம் அதிகமாகத் தெரிகிறதோ அதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஆட்டம் உடனே கவிழ்ந்துவிடாது. ஆனால் 100ஆவது டர்ன் (சுற்று) வாக்கில் பக்கத்து நாட்டுக்கு ஏழெட்டு நகரம், நமக்கு மூன்றே மூன்று, அதிலும் ஒன்று மானுமென்ட் என்ற தொடக்கக் கட்டடத்தைக்கூடக் கட்டி முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால், காரணத்தில் பாதி அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

டிரேடர் எங்கே போகிறார் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கிருந்து கிளம்புகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சில்லறை விவரங்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் 2016இல் வந்த ஆறாம் பாகத்துக்கு, அதுவும் ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கங்களோடு ஆடுபவர்களுக்கு. எண்கள் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கு உரியவை. ஐந்தாம் பாகம் ஆடிப் பழகியவர்கள் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். அங்கே உள்நாட்டு வழியில் உணவும் உற்பத்தியும் போய்ச் சேரும் ஊருக்குக் கிடைக்கும். ஆறில் அது தலைகீழ். ஏழாம் பாகத்தில் வணிகம் வேறு விதமாகவே நடக்கிறது, அதற்கு இது உதவாது.

முதல் டிரேடர்

ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களுக்கு ஒரு வணிக வழிகூடக் கிடையாது. சிவிக் மரத்தில், அதாவது சமூக வளர்ச்சிப் படிகளின் வரிசையில், கோட் ஆஃப் லாஸ் முடிந்ததும் ஃபாரின் டிரேட் திறக்கும். அதை முடித்தால் முதல் வழிக்கான இடம் கிடைக்கும். அந்த சிவிக்கை விரைவுபடுத்தும் ஊக்கம் இரண்டாவது ஒரு கண்டத்தைக் கண்டுபிடிப்பது. கண்டம் என்றவுடன் கடல் தாண்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரே நிலப்பரப்பில் இரண்டு கண்டங்கள் ஒட்டியிருப்பது இந்த ஆட்டத்தில் சகஜம். ஸ்கவுட்டை ஒரே திசையில் கொஞ்சம் தூரம் விட்டாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

சிவிக் முடிந்ததும் ஏதாவது ஒரு நகரத்தில் டிரேடரை உருவாக்குங்கள். அடிப்படை விலை 40 உற்பத்தி. கையில் தங்கம் இருந்தால் 160 கொடுத்து வாங்கலாம். காலியாக இருக்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு மேல் டிரேடர்களை உருவாக்க ஆட்டம் விடாது. அதனால் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கும் எண்ணம் வேண்டாம்.

முதல் வழி கிளம்பிய உடனே கரன்சி தொழில்நுட்பத்துக்கான யுரேகா என்ற ஊக்கமும் கிடைத்துவிடும். உள்நாட்டு வழியாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். கரன்சியில்தான் கமர்ஷியல் ஹப் என்ற வணிகப் பகுதியும் அதில் கட்டும் மார்க்கெட்டும் இருக்கின்றன, அதாவது அடுத்த டிரேடருக்கான வாசல் அது. ஆகவே ஃபாரின் டிரேடைத் தள்ளிப்போட்டால் இரண்டாவது டிரேடரும் தள்ளிப்போகும்.

திரையைப் படிப்பது

டிரேடரைத் தேர்ந்து வழி தொடங்கும் பொத்தானை அழுத்தினால், எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லா நகரங்களும் வரிசையாக வரும். உங்கள் சொந்த நகரங்கள், மற்ற நாடுகளின் நகரங்கள், சிட்டி-ஸ்டேட்கள் (ஒற்றை நகர நாடுகள்) என மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கிடைக்கும், எத்தனை டர்ன் ஆகும் என்று இருக்கும்.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம், கிடைப்பது எந்த ஊருக்கு என்பது. விடை எளிது: டிரேடர் கிளம்பும் ஊருக்கு. எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் போய்ச் சேரும் ஊர் முடிவு செய்கிறது. அங்கே எத்தனை டிஸ்ட்ரிக்ட் (நகரத்தின் தனிப் பகுதி) இருக்கிறதோ அதற்கேற்ப வரவு கூடும். இலக்கு நகரத்துக்குப் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. சில பாலிசி கார்டுகள் (ஆட்சிமுறையில் செருகும் கொள்கை அட்டைகள்), கூட்டணிகள், எகிப்து மாதிரிச் சில நாடுகளின் தனித்திறமைகள் மட்டும் விதிவிலக்கு.

கணக்கு இப்படிப் போகிறது. உள்நாட்டு வழி என்றால் இலக்கு நகரத்தின் மையத்துக்காக 1 உணவும் 1 உற்பத்தியும். அங்கே கேம்பஸ், ஹோலி சைட், தியேட்டர் ஸ்கொயர் போன்றவை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 உணவு. கமர்ஷியல் ஹப், ஹார்பர், என்கேம்ப்மென்ட், இன்டஸ்ட்ரியல் ஸோன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 உற்பத்தி. வெளிநாட்டு வழி என்றால் நகர மையத்துக்காக 3 தங்கம். அங்கே கமர்ஷியல் ஹப்போ ஹார்பரோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 3 தங்கம், கேம்பஸ் இருந்தால் 1 அறிவியல், தியேட்டர் ஸ்கொயர் இருந்தால் 1 கலாச்சாரம், ஹோலி சைட் இருந்தால் 1 ஃபெய்த் (மத நம்பிக்கைப் புள்ளி).

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. வரவு கிடைக்க டிரேடர் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழி தொடங்கிய உடனே டர்ன்தோறும் வர ஆரம்பித்துவிடும். வரைபடத்தில் வண்டி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது கொள்ளையரைப் பற்றி யோசிக்கும்போது மட்டும்தான் முக்கியம்.

எங்கிருந்து அனுப்புவது

இப்போது ஒரு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தலைநகரத்தில் கேம்பஸும் கமர்ஷியல் ஹப்பும் இருக்கின்றன. புதிதாக ஒரு நகரம் நிறுவியிருக்கிறீர்கள். மக்கள்தொகை 1, டர்னுக்கு 3 உற்பத்தி. கையில் ஒரு டிரேடர் இருக்கிறார்.

புதியவர் என்ன செய்வார்? தலைநகரத்திலிருந்து புது ஊருக்கு அனுப்புவார். பெரிய ஊர் சின்ன ஊருக்கு உதவுவதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் நடப்பது வேறு. புது ஊரில் டிஸ்ட்ரிக்ட் ஏதும் இல்லாததால் வரவு வெறும் 1 உணவு, 1 உற்பத்தி. அதுவும் ஏற்கெனவே வசதியாக இருக்கும் தலைநகரத்துக்கே போகிறது.

அதே டிரேடரைப் புது ஊரிலிருந்து தலைநகரத்துக்கு அனுப்பிப் பாருங்கள். நகர மையத்துக்கு 1 உணவு, 1 உற்பத்தி. கேம்பஸுக்கு 1 உணவு. கமர்ஷியல் ஹப்புக்கு 1 உற்பத்தி. ஆக 2 உணவு, 2 உற்பத்தி, எல்லாம் புது ஊருக்கு. 3 ஆக இருந்த உற்பத்தி 5 ஆகிறது. மானுமென்ட்டின் விலை 60. 3 உற்பத்தியில் 20 டர்ன் இழுக்கும் வேலை, 5 உற்பத்தியில் 12 டர்னில் முடிகிறது. குடிமகன் ஒருவர் சாப்பிடுவது 2 உணவு, ஆகவே வந்த 2 உணவும் கூடுதலாக ஒரு ஆளையே தாங்கும். மலைச்சரிவில் சுரங்கம் மட்டும் இருக்கிறது, வயலுக்கு இடமில்லை என்ற ஊர்களை இப்படித்தான் தூக்கி நிறுத்த வேண்டும்.

தங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டில் கமர்ஷியல் ஹப் உள்ள ஓர் ஊருக்கு அனுப்பினால் டர்னுக்கு 6 தங்கம். ஒரு பொருளைத் தங்கத்தில் வாங்கும்போது அதன் உற்பத்தி விலையைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு கொடுக்கிறோம். 60 உற்பத்தி ஆகும் மானுமென்ட்டுக்கு 240 தங்கம். அந்தக் கணக்கில் 6 தங்கம் என்பது 1.5 உற்பத்தி. உள்நாட்டு வழி 2 உற்பத்தியும் தந்து, மேலே 2 உணவும் தருகிறது. தொடக்க காலத்தில் உள்நாட்டு வழிதான் மேல் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். தங்கத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு, எந்த ஊரிலும் செலவழிக்கலாம். படைகளுக்குச் சம்பளம் கொடுக்கவே கஜானா திணறுகிறது என்றால் ஒரு டிரேடரை வெளியே அனுப்பத்தான் வேண்டும். மற்றபடி முதல் நான்கைந்து டிரேடர்கள் வீட்டுக்குள்ளேயே ஓடட்டும்.

டிரேடரைப் புது ஊரிலேயே உருவாக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். பாவம், அந்த ஊரின் 3 உற்பத்தியில் அது எப்போது முடிவது. தலைநகரத்தில் உருவாக்கி, சும்மா நிற்கும் டிரேடருக்குக் கிளம்பும் ஊரை மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திப் புது ஊரைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நடந்து போக வேண்டியதில்லை, நேரே அங்கே போய்விடும். இந்தப் பொத்தானைக் கவனிக்காமலே நூறு மணிநேரம் ஆடியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தந்திரம் இன்னும் கூர்மையாவது மேக்னஸ் என்ற கவர்னரிடம். அவருக்கு சர்ப்ளஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற பதவி உயர்வைக் கொடுத்துத் தலைநகரத்தில் உட்காரவைத்தால், அங்கே வந்து முடியும் உங்கள் ஒவ்வொரு வழியும் கிளம்பிய ஊருக்குக் கூடுதலாக 2 உணவு தரும். மேலே பார்த்த நிலவரத்தில் புது ஊருக்கு 4 உணவு, 2 உற்பத்தி. நான்கு புது ஊர்கள் இருந்தால் நான்குக்கும் இதே கதை. இன்னும் நகரங்கள் நிறுவிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஊர் நிறுவும் செட்லரை உருவாக்கும்போது மக்கள்தொகை குறையாமல் காக்கும் புரொவிஷன் என்ற பதவி உயர்வை அவருக்கு முதலில் எடுப்பது நல்லது. நிறுவி முடித்த பிறகு சர்ப்ளஸ் லாஜிஸ்டிக்ஸ்.

ஒரு கட்டுப்பாடு: ஒரே ஊரிலிருந்து ஒரே இலக்குக்கு இரண்டு வழிகள் போட முடியாது. வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே இலக்குக்கு எத்தனை வேண்டுமானாலும் அனுப்பலாம். எல்லா ஊர்களும் ஒரே இடத்தை நோக்கி அனுப்பட்டும், அந்த ஒரு இடத்தில் டிஸ்ட்ரிக்ட்களை அடுக்குங்கள் என்பதுதான் இதன் பொருள்.

தூரமும் டிரேடிங் போஸ்ட்டும்

தரை வழியில் 15 கட்டம், நீர் வழியில் 30 கட்டம். இதுதான் அடிப்படை எல்லை. நீரில் இறங்க டிரேடருக்கு செலஸ்டியல் நேவிகேஷன் தொழில்நுட்பம் வேண்டும். அதற்கு முன் தீவு ஊர்களோடு வணிகம் பேச முடியாது. (ஆழ்கடலைத் தாண்ட கார்ட்டோகிராஃபி வரை பொறுக்க வேண்டும்.)

ஒரு வழி முடிந்ததும் இலக்கு நகரத்தில் உங்களுக்கு ஒரு டிரேடிங் போஸ்ட் உருவாகும். அடுத்த முறை அந்த ஊர் வழியாகப் போகும் டிரேடருக்கு அங்கே தூரக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 15 கட்டம் போய் ஒரு போஸ்ட், அங்கிருந்து இன்னொரு 15 கட்டம். கூடவே, வெளிநாட்டு ஊரில் இருக்கும் உங்கள் போஸ்ட்டைக் கடக்கும்போது வழியின் வரவில் 1 தங்கமும் கூடும். பின்னாளில் கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் பணக்கார நகரத்தை எட்ட வேண்டும் என்று திட்டமிருந்தால், இடையில் இருக்கும் ஏதாவது ஒரு ஊருக்கு ஒரு முறையாவது அனுப்பி வையுங்கள். அந்த ஒரு முறை வரவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

சாலைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தப் பாகத்தில் பில்டர் சாலை போடமாட்டார். டிரேடர் போகும் தடமெல்லாம் தானாகச் சாலையாகும், அவ்வளவுதான். பின்னால் மிலிட்டரி இன்ஜினியர் வருவார், ஆனால் அதற்கு நாளாகும். எல்லையில் சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால், தலைநகரத்துக்கும் எல்லை ஊருக்கும் இடையே ஒரு வழியை முன்கூட்டியே ஓடவிடுவது படைக்கு உதவும். காடும் குன்றும் நிறைந்த இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எத்தனை டர்ன்

வழி ஒன்று தொடங்கினால் தொடக்க யுகங்களில் குறைந்தது 20 டர்ன் ஓடும். பிந்தைய யுகங்களில் இந்தக் குறைந்தபட்சம் கூடும். டிரேடர் டர்னுக்கு ஒரு கட்டம் நகர்கிறார், போய்வரும் பயணத்தைப் பாதியில் விடமாட்டார். இதனால் வருவது ஒரு வேடிக்கையான கணக்கு. இலக்கு 10 கட்டத்தில் இருந்தால் போய்வர 20, வழி 20 டர்னில் முடியும். 7 கட்டத்தில் இருந்தால் ஒரு முறை போய்வர 14, அது 20ஐ எட்டாததால் இன்னொரு முறை, ஆக 28. பக்கத்து ஊருக்கு அனுப்பினால் சீக்கிரம் திரும்பிவிடும் என்று நினைத்து அனுப்புகிறோம், அது தூரத்து ஊரைவிட நீண்டுவிடும்.

இடையில் திருப்பி அழைக்க வழி கிடையாது. ஆகவே சில டர்னில் நிலைமை மாறப்போகிறது என்று தெரிந்தால், திரையில் காட்டும் டர்ன் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். டிரேடர் திரும்பி வந்து அடுத்த வழி கேட்கும்போது பழக்கத்தில் பழைய இடத்தையே தேர்ந்தெடுப்பது எல்லோரும் செய்வது. 20, 30 டர்னில் ஆட்டம் எவ்வளவோ மாறியிருக்கும். பழைய புது ஊர் இப்போது வளர்ந்திருக்கும், அதைவிடச் சின்ன ஊர் ஒன்று வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் ஊரை மாற்றலாமா என்று பாருங்கள்.

கொள்ளையர்

காட்டுமிராண்டிகளின் படை டிரேடர் நிற்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் வழியைக் கொள்ளையடிக்கும். டிரேடர் போய்விடுவார், வழி அறுந்துவிடும், நீங்கள் மறுபடி ஒரு டிரேடரை உருவாக்க வேண்டும். உங்களோடு போரில் இருக்கும் நாடுகளும் இதைச் செய்யும். டிரேடர் உங்கள் எல்லைக்குள் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

தடம் எப்படிப் போக வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் இலக்கைச் சுட்டும்போது வரைபடத்தில் கோடு தெரியும். அந்தக் கோடு இருட்டான பகுதியை ஒட்டிப் போகிறதா, அருகில் காட்டுமிராண்டி முகாம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். முகாம் இருந்தால் முதலில் அதை ஒழிக்க வேண்டும். சும்மா இருக்கும் வாரியர் ஒருவரை வழியில் ஒரு குன்றின் மேல் நிறுத்தி வைத்தால் வருவது முன்னாலேயே தெரியும். கடற்கரை முகாம்கள் கப்பல்களை விடும், நீர் வழிக்கு கேலி என்ற போர்க்கப்பல் ஒன்றாவது காவலுக்கு இருக்கட்டும்.

பதிலுக்கு நீங்களும் செய்யலாம். போர் வந்துவிட்டால் எதிரியின் டிரேடர்கள் திரியும் சாலைகளுக்கு ஒரு குதிரைப்படையை அனுப்புங்கள். தங்கமும் கிடைக்கும், எதிரியின் வரவும் குறையும். நகரத்தை முற்றுகையிட முடியாத பலவீனமான படைக்குக்கூட இது கட்டுப்படியாகும் வேலை.

நீங்களே போரை அறிவிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்குப் போயிருக்கும் உங்கள் வழிகள் அந்த நொடியே ரத்தாகும் என்பதை நினைவில் வையுங்கள். வணிகத்தின் மொத்த நிலவரத்தைக் காட்டும் திரையில் உங்கள் வழிகள், உங்கள் ஊர்களுக்கு வரும் வழிகள், இன்னும் போடக்கூடிய வழிகள் என்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. போருக்கு முன் முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

எண்ணிக்கையைக் கூட்டுவது

ஒரு டிரேடரோடு ஆட்டம் முழுவதும் ஓட்ட முடியாது. ஒவ்வொரு நகரமும் ஒரு வழிக்கான இடத்தைச் சேர்க்க முடியும்: கமர்ஷியல் ஹப்பில் மார்க்கெட் கட்டினால் ஒன்று, அல்லது ஹார்பரில் லைட்ஹவுஸ் கட்டினால் ஒன்று. ஒரே ஊரில் இரண்டும் கட்டினாலும் ஒன்றுதான். இதைத் தெரியாமல் கடலோர ஊரில் இரண்டையும் கட்டிவிட்டு எண்ணிக்கை ஏன் ஏறவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. டிஸ்ட்ரிக்ட்டைக் கட்டினால் மட்டும் போதாது, அந்தக் கட்டடமும் வேண்டும். விரிவாக்கங்கள் இல்லாத மூல ஆட்டத்தில் டிஸ்ட்ரிக்ட்டே போதுமாக இருந்தது, பழைய குறிப்புகளைப் படித்தால் அதனால் குழப்பம் வரும்.

அப்புறம் அதிசயக் கட்டடங்களில் கொலோசஸ் ஒரு இடத்தையும் ஒரு டிரேடரையும் தரும். கிரேட் சிம்பாப்வேயும் ஓர் இடம் தரும். கிரேட் மெர்ச்சன்ட் எனப்படும் பெரும் வணிகர்களில் சாங் சியான், மார்கோ போலோ இருவரும் இதற்கு உதவுவார்கள். ஆனால் இவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம், போட்டியில் யார் முந்துவார்கள் என்று தெரியாது. நகரம், மார்க்கெட், டிரேடர் என்ற வரிசைதான் கைவசம் உள்ளது. நகரங்களின் எண்ணிக்கைதான் வழிகளின் எண்ணிக்கை, அதனால் இந்த ஆட்டத்தில் பரவலாக ஊர்களை நிறுவுபவர்கள் வணிகத்திலும் முந்திவிடுகிறார்கள்.

கார்டுகள்

ஃபாரின் டிரேட் முடிந்தவுடன் கேரவன்சரைஸ் என்ற பாலிசி கார்டு கையில் வரும். ஒவ்வொரு வழிக்கும் 2 தங்கம் கூடுதல். வணிகம் பழகும் ஆசையில் எல்லோரும் இதை உடனே செருகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பொருளாதாரக் கார்டுக்கு இருப்பது ஒரே ஒரு இடம், அதில் எல்லா நகரத்துக்கும் 1 உற்பத்தி தரும் அர்பன் பிளானிங் இருக்கலாம். மூன்று நகரங்கள் இருந்தால் 3 உற்பத்தி, முன்பு பார்த்த நான்கு மடங்குக் கணக்கில் 12 தங்கம். ஒரு டிரேடரோடு கேரவன்சரைஸ் தருவது 2. கிளாசிக்கல் ரிபப்ளிக் மாதிரி இரண்டு பொருளாதார இடங்கள் உள்ள ஆட்சிமுறை வந்த பிறகு, டிரேடர்களும் மூன்று நான்கு ஆன பிறகு இதைச் சேர்த்தால் சரி.

நடு ஆட்டத்தில் வரும் டிரையாங்குலர் டிரேட் இதன் இடத்தைப் பிடிக்கும்: ஒவ்வொரு வழிக்கும் 4 தங்கம், 1 ஃபெய்த். பத்து வழிகள் இருந்தால் 40 தங்கம் என்பது ஒரே கார்டுக்குக் கொழுத்த வரவு. இது உள்நாட்டு வழிக்கும் சேரும், ஆகவே உணவும் உற்பத்தியும் விடாமல் தங்கமும் எடுக்கலாம்.

டார்க் ஏஜ் என்ற இருண்ட காலத்தில் மாட்டிக்கொண்டால் ஐசோலேஷனிஸம் என்ற கார்டைப் பாருங்கள். உள்நாட்டு வழி ஒவ்வொன்றுக்கும் 2 உணவு, 2 உற்பத்தி கூடும். பதிலாக செட்லர் உருவாக்கவோ புது ஊர் நிறுவவோ முடியாது. நிலமெல்லாம் தீர்ந்துபோன நேரத்தில் அந்தத் தடையால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எப்போது வெளியே அனுப்புவது

வெளிநாட்டு வழியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சில தருணங்களில் அதுதான் சரி.

சிட்டி-ஸ்டேட் ஒன்று ‘எங்களுக்கு ஒரு வணிக வழி அனுப்பு’ என்று வேண்டுகோள் வைத்தால் அனுப்பிவிடுங்கள். ஒரு என்வாய் (தூதர்) கிடைக்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு என்வாயின் மதிப்பு அந்த 20 டர்னில் இழக்கும் உணவைவிடப் பெரிது. குமாசி சிட்டி-ஸ்டேட்டின் சுசெரெய்ன் (மேலாதிக்கம் பெற்ற நாடு) ஆகிவிட்டால் சிட்டி-ஸ்டேட்களுக்குப் போகும் உங்கள் வழிகள், கிளம்பும் ஊரில் உள்ள ஒவ்வொரு சிறப்பு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் 2 கலாச்சாரமும் 1 தங்கமும் தரும். இங்கே மட்டும் கணக்கு திரும்பிக்கொள்கிறது, டிஸ்ட்ரிக்ட் நிறைந்த பெரிய ஊரிலிருந்து அனுப்ப வேண்டும்.

பக்கத்து நாட்டோடு உரசல் இருந்தால் அங்கே ஒரு வழி இருப்பது அவர்களைப் பற்றிய தகவல் நிலையை உயர்த்தும். தகவல் நிலையில் முன்னால் இருப்பவருக்குச் சண்டையிலும் கூடுதல் பலம் உண்டு. கலாச்சார வெற்றியை நோக்கிப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழியாவது இருக்கட்டும், அந்த நாட்டின் மீதான உங்கள் சுற்றுலா அழுத்தம் 25 சதவீதம் கூடும். மதமும் வழியோடு பயணிக்கும், இரு பக்கமும். உங்கள் மதம் வலுவில்லாத ஊரிலிருந்து மதவெறி பிடித்த அண்டை நாட்டுக்கு வண்டி விடும்போது அதையும் யோசியுங்கள்.

சிவில் சர்வீஸ் சிவிக்குக்குப் பிறகு கூட்டணிகள் வரும். கூட்டாளி நாட்டுக்கு வழி இருந்தால் கூட்டணியின் நிலை வேகமாக உயரும். விஸ்ஸல்பாங்கன் கார்டைச் செருகினால் கூட்டாளியின் ஊருக்குப் போகும் வழி இரு பக்கத்துக்கும் 2 உணவும் 2 உற்பத்தியும் தரும். அது தங்கத்துக்கும் அறிவியலுக்கும் மேல் வரும் வரவு. இந்தக் கட்டத்தில்தான் தராசு மெல்ல வெளிநாட்டுப் பக்கம் சாய்கிறது. உங்கள் ஊர்களெல்லாம் வளர்ந்துவிட்டன, கூட்டாளியின் தலைநகரத்தில் ஐந்தாறு டிஸ்ட்ரிக்ட் நிற்கின்றன, இடைவழியில் உங்கள் போஸ்ட்கள் இருக்கின்றன என்றால் வீட்டுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

எந்த நாட்டோடு பழகுவது

வணிகத்தைக் கற்றுக்கொள்ள ரோம் நல்ல தொடக்கம். அவர்கள் நிறுவும் ஒவ்வொரு ஊரிலும் டிரேடிங் போஸ்ட் தயாராக இருக்கும், தலைநகரத்தின் வணிக எல்லைக்குள் இருந்தால் சாலையும் தானாக வரும். கிரீ நாடு பாட்டரி தொழில்நுட்பத்தோடு ஒரு வழியும் ஒரு டிரேடரும் இலவசமாகப் பெறும், அவர்களின் டிரேடர் முதல்முறை காலடி வைக்கும் யாருக்கும் சொந்தமில்லாத கட்டம், கிரீ நகரத்திலிருந்து 3 கட்டத்துக்குள் இருந்தால் அவர்களுக்கே சொந்தமாகிவிடும். எங்கிருந்து எங்கே அனுப்புகிறோம் என்று யோசிக்கும் பழக்கத்தை இந்த நாடு நன்றாக வளர்க்கும். பாரசீகத்துக்கு பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி சிவிக்கோடு ஒரு வழி கூடும், உள்நாட்டு வழிகளில் 2 தங்கமும் 1 கலாச்சாரமும் சேரும்.

போர்ச்சுகலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வெளிநாட்டு வழியின் வரவெல்லாம் ஒன்றரை மடங்கு என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கடற்கரையிலோ ஹார்பரோடோ இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான் அந்த வழிகளை அனுப்ப முடியும். நிலம் சூழ்ந்த வரைபடத்தில் அந்த நாட்டை எடுத்தால் அனுப்ப இடமே இருக்காது. தீவுகள் நிறைந்த வரைபடம் கிடைக்கும்போது எடுத்து ஆடுங்கள்.